நாங்கூழுக்கு ஒரு கண்ணாடி வீடு

ஒருவரை இழித்துரைக்க வேண்டுமாயின் ‘அவன் வெறும் புழு’ என்று சொல்லுதல் உலக வழக்கு. தாழ்ந்தவற்றுள் எல்லாம் தாழ்ந்தது புழுவே என்னும் எண்ணம் பேச்சில் மாத்திரமன்றி நம் நெஞ்சிலும் ஊறிக் கிடக்கிறது. ஆயினும் அப்புழுக்களுள் ஒன்று இரவும் பகலும் ஓயாது உழைத்து, மனிதனுக்கு உணவு தரும் நிலத்தைப் பதப்படுத்தி வருகிறது. அதுவே மண்புழு. பழைய தமிழ்ப் பெயரால் அதனை நாங்கூழ் என்றும் வழங்குவர். அதன் உழைப்பு நிலத்தின் அடியில் நிகழ்வதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புலப்படாத உழைப்புக்கு உலகம் மதிப்பளிப்பதும் இல்லை. அவ்வுழைப்பைச் சிறுவர்கள் தம் கண்ணாலேயே காணும்படி செய்வதற்கு எளியதொரு வழியுண்டு. ஒரு கண்ணாடிப் போத்தல், சிறிது மண், சிறிது மணல், ஐந்தாறு மண்புழுக்கள், மூன்று வாரப் பொறுமை ஆகிய இவையே அதற்கு வேண்டியவை.

சபரகமுவ மாகாணத்தில் இம்முயற்சிக்கு வாய்ப்பான ஒரு பாதையுண்டு. பெல்மதுளையிற் புறப்பட்டுக் காவத்தை, கொடக்கவெல ஆகிய ஊர்களைக் கடந்து எம்பிலிப்பிட்டியவை அடையும் நெடுஞ்சாலையே அது. அச்சாலையின் தொடக்கம் மழை மிகுந்த ஈரவலயம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கே தேயிலையும் இறப்பரும் செழித்து நிற்கும். மண் புளிப்புத்தன்மை உடையது. சாலை தெற்கு நோக்கி இறங்க இறங்க மலைகள் தாழ்கின்றன, காற்று வெப்பமாகிறது. எம்பிலிப்பிட்டியவை அடையும்போது உலர்வலயத்தின் செங்கபிலநிற மண் கண்ணிற் படுகிறது. 1960களில் கட்டப்பட்ட உடவளவை நீர்த்தேக்கத்தின் தயவால் அங்கே நெல்லும் வாழையும் விளைகின்றன. ஒரு முற்பகல் பயணத்துக்குள் இருவேறு மண்ணுலகங்களைக் காணலாம். காவத்தைத் தோட்டத்துச் சிறுவன் லயத்துக்குப் பின்னாலுள்ள ஈரமண்ணைக் கையாற் கிளறினாலே மண்புழு அகப்படும். எம்பிலிப்பிட்டியவில் வாழும் சிறுமிக்கோ ஆனி, ஆடி மாதங்களில் அது எளிதில் அகப்படாது. அக்காலத்தில் புழு ஆழத்துக்குச் சென்று, சிறியதோர் அறை அமைத்து, உடலை உருண்டையாகச் சுருட்டிக்கொண்டு உறங்கிக் கிடக்கும். ஐப்பசி மழை நிலத்தை நனைத்த பின்னரே மேலே வரும். ஆதலின் இம்முயற்சியைத் தொடங்குவதற்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களே உகந்தவை.

போத்தலை எடுப்பதற்கு முன் தீர்த்துவைக்க வேண்டிய ஓர் அச்சமுண்டு. ‘மண்ணில் கைவைக்காதே பிள்ளை, வயிற்றில் பூச்சி விழும்’ என்று தோட்டத்துத் தாய்மார் குழந்தைகளைத் தடுப்பர். அவர்கள் கூற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடல் தகாது. கொளுக்கிப்புழு என்னும் கொடிய ஒட்டுண்ணி வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்து, குருதியை உறிஞ்சித் தோட்டத் தொழிலாளரைத் தலைமுறை தலைமுறையாக வாட்டியது. அதனை ஒழிப்பதற்கான இயக்கம் இலங்கைத் தோட்டங்களில் 1916ஆம் ஆண்டளவில் மாத்தளைப் பகுதியில் தொடங்கப்பெற்றது. தாயின் அச்சம் அக்கொடிய அனுபவத்தின் எச்சம். ஆனால் மண்புழு வேறு, கொளுக்கிப்புழு வேறு. மண்புழு மனித உடலில் வாழ்வதில்லை, கடிப்பதில்லை, நஞ்சு உமிழ்வதில்லை. எனினும் மண்ணைத் தொடும் எவரும் காலிற் செருப்பணிதல் வேண்டும். மலசலகூடத்தின் அயலில் மண் எடுத்தல் ஆகாது. கையில் வெட்டுக்காயம் இருப்பின் பிறரைக்கொண்டு செய்வித்தல் வேண்டும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டு நகவிடுக்குவரை கழுவுதல் வேண்டும். இவற்றைத் தாய்மாரிடம் முன்னதாகவே எடுத்துரைத்தால் அவர்களே பழைய போத்தலைத் தேடிக் கொடுப்பர்.

மண்புழுவின் பெருமையை உலகுக்கு எடுத்துக் கூறியவர் இங்கிலாந்தின் பேரறிஞர் சாள்சு டார்வின். 1837ஆம் ஆண்டிலேயே அவர் இதுபற்றி ஓர் ஆய்வுரை வாசித்தார். வயலின் மேற்பரப்பிற் கொட்டப்பட்ட சுண்ணாம்பும் சாம்பற்கட்டிகளும் சில ஆண்டுகளில் மண்ணுள் மறைந்துவிடுவதை அவருடைய மாமனார் அவருக்குக் காட்டியிருந்தார். பொருள்கள் தாமாகத் தாழவில்லை. கீழிருந்த மண்ணை உண்ட புழுக்கள் அதனை மேலே கொணர்ந்து எச்சமாக இட்டமையால், பொருள்களின்மீது புதுமண் படிந்தது என்பதே டார்வின் கண்ட விடை. அவ்விடையைச் சோதிப்பதற்காக 1842ஆம் ஆண்டு தம் வீட்டருகே ஒரு வயலிற் சுண்ணக்கற் துண்டுகளைப் பரப்பச் செய்தார். பின்பு 1871ஆம் ஆண்டு அங்கே ஒரு குழி வெட்டிப் பார்த்தார். அத்துண்டுகள் ஏழு அங்குல ஆழத்தில் ஒரு வெண்கோடாகக் காணப்பட்டன. ஒரு வினாவுக்கு விடைகாண 29 ஆண்டுகள் காத்திருந்த அப்பொறுமையே பெரியதொரு பாடம்.

டார்வினின் வேறு பரிசோதனைகள் சிறுவர்களின் விளையாட்டை ஒத்தவை. மண் நிறைந்த சாடிகளிற் புழுக்களை இட்டுத் தம் வாசிப்பறையிலேயே வைத்திருந்தார். அவருடைய மனைவி பியானோ வாசித்தார். மகன் நீண்டதோர் ஊதுகருவியை இசைத்தார். புழுக்கள் சற்றும் பொருட்படுத்தவில்லை. ஆனால் சாடியைப் பியானோவின்மீது வைத்து ஒரு சுரத்தை அழுத்தியதும் அவை வளைக்குள் ஓடி ஒளிந்தன. செவியில்லாத அவ்வுயிர் காற்றில் வரும் ஓசையை அறியாது; தொட்டிருக்கும் பொருளின் அதிர்வையே அறியும் என்பது இதனால் விளங்கிற்று. இலைகளை வளைக்குள் இழுக்கும்போது அவை எந்த முனையைப் பற்றுகின்றன என்றறிய, 303 முக்கோணக் கடதாசித் துண்டுகளைப் பரப்பி வைத்தார். நூற்றுக்கு 62 துண்டுகள் கூரிய முனையாற் பற்றி இழுக்கப்பட்டிருந்தன. குறுகிய துளைக்குள் கூரிய முனையே எளிதில் நுழையும் என்பதைப் புழு எவ்வாறோ உணர்ந்துகொள்கிறது. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டொன்றுக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடே சென்று மேற்பரப்பை அடைகிறது என்று அவர் கணக்கிட்டார். இவை அனைத்தையும் தொகுத்து 1881ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அதற்கடுத்த ஆண்டு அவர் மறைந்தார். அதுவே அவருடைய கடைசி நூல்.

அந்நூல் வெளிவந்து பத்தாண்டு சென்றபின், 1891ஆம் ஆண்டு, திருவனந்தபுரத்தில் மெய்யியற் பேராசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகத்தை வெளியிட்டார். அதில் நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து, அதன் ஓயாத உழைப்பை வியந்து, உழவர்க்கெல்லாம் உயர்ந்த உழவனாக அதனைப் போற்றுகிறது. புகழையோ கைம்மாறையோ நாடாமல் மண்ணுக்குள் மறைந்து உழைப்பதே அப்புலவரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அறிவியலாளர் குழி வெட்டி அளந்து கண்டதைப் புலவர் நெஞ்சால் உணர்ந்து பாடினார் எனலாம். தேயிலை மலைகளிலே பிறர் கண்ணிற் படாமல் உழைத்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு இப்பகுதியைப் படித்துக் காட்டும் ஆசிரியர், அதன் பொருளை விரித்துரைக்க வேண்டியிராது.

இனி, மண்புழுவின் உடலமைப்பைச் சிறிது நோக்குவோம். அதற்குக் கண்ணில்லை, ஆயினும் தோலில் ஒளியை உணரும் நுண்ணிய கலங்கள் உண்டு. நுரையீரல் இல்லை, ஈரமான தோலினூடாகவே மூச்சு விடுகிறது. தோல் உலர்ந்தால் அதற்கு மூச்சுத் திணறும். உடல் முழுவதும் வளையம் வளையமாக அமைந்துள்ளது. பெரும்பாலான வளையங்களிற் சிலிர்முட்கள் எனப்படும் நுண்ணிய முட்கள் இருக்கின்றன. புழுவை ஒரு தடித்த தாளின்மேல் ஊரவிட்டுச் செவியைத் தாளருகே வைத்தால் அம்முட்கள் உராயும் மெல்லிய ஓசையைக் கேட்கலாம். பற்கள் இல்லாத இவ்வுயிர், உண்ட மண்ணிலுள்ள மணற்பருக்கைகளைக் கொண்டே தன் அரைப்பையில் உணவை அரைத்துக்கொள்கிறது. ஆண், பெண் என்னும் இரு தன்மையும் ஓருடலிலேயே உண்டு. வளர்ந்த புழுவின் தலைப்பக்கத்தில் தடித்த பட்டை போன்றதொரு பகுதி காணப்படும். முட்டைகளைப் பொதிந்து வைக்கும் சிறு கூடு அதிலிருந்தே உண்டாகிறது. புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுக்களாகும் என்று சிறுவர் நம்புவதுண்டு. பெரும்பாலான மண்புழுக்களுக்கு இது பொருந்தாது. முற்பகுதி சிலவேளை பிழைத்து இழந்த வாலை வளர்த்துக்கொள்ளும், பிற்பகுதி மடிந்துபோகும். இதனைச் சொல்லிலேயே உணர்த்துதல் வேண்டும், வெட்டிக்காட்டுதல் வேண்டுவதில்லை.

மண்புழுக்கள் அனைத்தும் ஒரே இடத்தில் வாழ்பவை அல்ல. சில, உதிர்ந்த இலைச் சருகிலும் சாணத்திலும் மேலாக வாழ்வன. சில, மேல்மண்ணிற் பக்கவாட்டில் வளை தோண்டுவன. சில, ஆழத்துக்குச் செங்குத்தான வளையமைத்து, இரவில் மேலேறி இலைகளை உள்ளே இழுப்பன. குப்பைக் குழியிற் காணப்படும் செந்நிறமான சிறு புழுக்கள் முதல் வகையின. அவை உரம் ஆக்குவதில் வல்லவை. ஆனால் கண்ணாடிப் போத்தலில் வளை தோண்டிக் காட்டமாட்டா. போத்தலுக்கு வேண்டியவை மண்ணைக் கிளறும்போது கிடைக்கும் வெளிறிய நிறத்தினவே. இவ்வேறுபாட்டை அறியாமல் குப்பைக் குழியிலிருந்து புழுக்களை எடுத்து மண்ணில் இட்டு, அவை மேலேயே நெளிந்து கிடப்பதைக் கண்டு ஏமாற்றமடைவோர் பலர்.

இலங்கைக்கே உரிய மண்புழுக்களும் உள. ஈரவலய மலைநாட்டில் வாழும், முழத்துக்கும் மேலாக நீளும் நீலநிறப் புழு ஒன்றை, படைமருத்துவராகப் பணிபுரிந்த ரொபேட் டெம்பிள்டன் 1844ஆம் ஆண்டு அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தி மெகாசுகோலெக்சு எனப் பெயரிட்டார். மாபெரும் மண்புழுக் குடும்பம் ஒன்று இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. தோட்டங்களில் மிகுதியாக அகப்படும் மற்றொரு புழுவோ தென்னமெரிக்காவைத் தாயகமாக உடையது. அதன் வால் துடைப்பம்போற் சொரசொரப்பானது. துடைப்பவால் என்னும் பொருளிலேயே அதன் அறிவியற் பெயரும் அமைந்துள்ளது. செடிகளின் வேர்மண்ணோடு ஒட்டிக்கொண்டு அது வெப்பநாடுகள் எங்கும் பரவிவிட்டது. தேயிலையும் வெளியிலிருந்து வந்தது. இறப்பரும் வெளியிலிருந்து வந்தது. அவற்றின் வேர்களை நாடிப் புழுவும் வந்து, இம்மண்ணையே தன் மண்ணாக்கிக்கொண்டது.

வீடமைக்கும் முறை இது. வாயகன்ற பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றையும், அதனுள் அடங்கக்கூடிய சிறிய போத்தல் ஒன்றையும் எடுத்துக்கொள்க. சிறிய போத்தலை மூடி, பெரிய போத்தலின் நடுவே நிறுத்துக. இரண்டுக்கும் இடையில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளி இருத்தல் நன்று. நடுப்போத்தல் இல்லாவிடின் புழுக்கள் மண்ணின் நடுவிற் சென்று மறைந்துவிடும். அஃது இருப்பதால் வெளிக்கண்ணாடியை ஒட்டியே வளை தோண்டும். சிறுவர் அதனைக் காண்பர். கண்ணாடி கிடைக்காவிடின் குடிநீர் விற்கும் பெரிய பிளாத்திக்குப் போத்தலின் மேற்பகுதியை வெட்டி நீக்கிப் பயன்படுத்தலாம்.

அடியில் ஓர் அங்குல உயரத்துக்குச் சிறு கற்களைப் பரப்புக. மேலதிக நீர் அதனுள் வடிந்து நிற்கும். அதன்மேல் மூன்று அங்குல அளவுக்குச் சலித்த தோட்டமண், அதன்மேல் அரை அங்குலத்துக்கு வெளிறிய ஆற்றுமணல், மீண்டும் மண், மீண்டும் மணல். இவ்வாறு மாறி மாறி இட்டு, வாயிலிருந்து மூன்று விரல் கீழே நிறுத்துக. உப்புக் கலந்த கடல்மணல் ஆகாது. அண்மையிற் களைநாசினி தெளித்த நிலத்து மண்ணும் ஆகாது. மண்ணின் ஈரம் எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பதற்கு ஓர் எளிய சோதனையுண்டு. ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டையாக நிற்றல் வேண்டும். ஆனால் விரலிடுக்கில் நீர் வடியலாகாது. இறுதியாக உதிர்ந்த இலைகளைச் சிறிது மேலே தூவுக. முள்முருங்கை இலை, பலா இலை, வாழைத்தோலின் சிறுதுண்டு, பால் கலவாத தேயிலைச் சக்கை ஆகியவை ஏற்றவை. தேசிக்காய்த் தோல், மிளகாய், உப்பு, எண்ணெய், சோறு, மீன், இறைச்சி ஆகியவற்றை இடலாகாது. அவை புழுவுக்குத் தீங்கு செய்வதோடு எறும்பையும் துர்நாற்றத்தையும் வரவழைக்கும்.

புழுக்களைத் திரட்டுவதற்கு நிலத்தைப் பெரிதாகத் தோண்டவேண்டுவதில்லை. முதல்நாள் மாலை வாழைமரத்தின் அடியில் நிலத்தை நன்கு நனைத்து, ஈரச்சாக்கு ஒன்றை விரித்து வைத்தால், மறுநாட் காலையில் சாக்கின் அடியிலும் அதனை ஒட்டிய மேல்மண்ணிலும் அவை அகப்படும். உலர்வலயத்தில் இம்முறை சிறப்பாகப் பயன்படும். ஐந்து அல்லது ஆறு புழுக்களே போதும். ஈரமான கையால் மெதுவாக எடுத்து, இலைகளின்மேல் விட்டால் அவை தாமாகவே உள்ளே செல்லும். போத்தலின் வாயை மெல்லிய துணியாற் கட்டுக. போத்தலைச் சுற்றிக் கருங்கடதாசியோ தடித்த துணியோ சுற்றி, வகுப்பறை அலுமாரியின் அடித்தட்டுப் போன்ற குளிர்ந்த இடத்தில் வைக்க. தகரக்கூரையின் வெப்பமும் சாளரத்தின் வெயிலும் படலாகாது. இரண்டு நாட்களுக்கு ஒருமுறை இரண்டு மூன்று கரண்டி நீர் தெளித்தல் போதுமானது.

இவ்விடத்திற் பலரும் மறந்துவிடும் ஒன்றுண்டு. அதுதான் இரண்டாவது போத்தல். அதே மண், அதே மணல், அதே இலை, அதே அளவு நீர். ஆனால் புழு மாத்திரம் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தல் வேண்டும். மண்ணில் நிகழும் மாற்றத்துக்குப் புழுதான் காரணமா, அன்றி நீர் ஊற்றியதுதான் காரணமா என்று ஒரு சிறுவன் வினவுவானாயின், அதற்கு விடை சொல்வது இப்போத்தலே. ஒன்றை மாத்திரம் மாற்றி மற்றவற்றை ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுதல் விஞ்ஞானத்தின் அடிப்படை. அதனைக் கரும்பலகையில் நூறுமுறை எழுதினாலும் பெறமுடியாத தெளிவை இப்போத்தல் தந்துவிடும்.

மூன்று நாட்களுக்குப்பின் கருந்துணியை அகற்றிப் பார்க்கலாம். கண்ணாடியை ஒட்டி ஒரு வளையின் தொடக்கம் தெரியும். ஒரு வாரத்தில் மணற்கோடு ஓரிரண்டு இடங்களில் உடைந்து, கரிய மண் அதனுள் இறங்கியிருக்கும். மேலே சிறு உருண்டைகளாகப் புழுவின் எச்சம் குவிந்திருக்கும். இரண்டு மூன்று வாரங்களில் மண்ணும் மணலும் ஒன்றோடொன்று கலந்து, தொடக்கத்தில் இருந்த கோடுகள் குலைந்துபோவதைக் காணலாம். புழுவில்லாத போத்தலிலோ கோடுகள் வைத்தவாறே இருக்கும். மாணாக்கர் ஒவ்வொரு முறையும் போத்தலின் படத்தைக் கொப்பியில் வரைந்து நாளைக் குறித்தல் வேண்டும். பார்த்தபின் உடனே துணியைச் சுற்றிவிடல் வேண்டும். மின்சூள் விளக்கின் முகத்தில் சிவப்புத் தாளைக் கட்டிப் பார்த்தால் புழுக்கள் அவ்வளவு கலவரமடைவதில்லை. வெள்ளொளியைக் காட்டினால் விரைந்து மறையும். மேசையை விரலால் தட்டிப் பார்க்கலாம். உரத்துப் பாடியும் பார்க்கலாம். டார்வினின் வாசிப்பறையில் நிகழ்ந்தது வகுப்பறையிலும் நிகழும். இறுதியில் இரண்டு போத்தல்களிலும் ஒரே அளவு நீரை ஊற்றி எதில் விரைவாக உள்ளிறங்குகிறது என்று நோக்கலாம். பின்னர் இரண்டு மண்ணிலும் பயறு விதைத்துப் பார்க்கலாம். எதிர்பார்த்த விடை வராவிடினும், வந்ததையே எழுதும்படி ஆசிரியர் பணித்தல் வேண்டும். விடையைத் திருத்தி எழுதப் பழகிய சிறுவன் புழுவை அறிந்தாலும் உண்மையை அறியான்.

இடையூறுகள் சில நேர்வதுண்டு. புழுக்கள் மேலேறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்குமாயின் நீர் மிகுந்துவிட்டது என்பது குறிப்பு. துணியை நீக்கிக் காற்றாட வைத்து, உலர்ந்த மண்ணைச் சிறிது தூவுதல் வேண்டும். துர்நாற்றம் வீசின் இட்ட உணவு மிகுதி. மண் கண்ணாடியிலிருந்து விலகி வெடிப்பின் நீர் போதாது. புழு இறந்துவிடின் அதனை மறைத்தலும் ஆகாது. சிறுவரைக் கடிதலும் ஆகாது. ஏன் இறந்தது என்று அவர்களே ஆராயட்டும். ஓர் உயிரைப் பொறுப்பேற்றவர் அதன் வாழ்வுக்கும் விடைகூறக் கடமைப்பட்டவர் என்பதை ஒரு சிறு புழு கற்பித்துவிடுகிறது.

போத்தலிற் கண்டதைச் சிறுவர் மலையிலும் காணுமாறு செய்தல் அடுத்த படி. புழுவின் வளைகள் வழியே மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. வேருக்குக் காற்றுக் கிடைக்கிறது. வளையில்லாத இறுகிய மண்ணின்மேல் விழும் மழையோ மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுகிறது. முற்காலத்தில் தேயிலை மலைகளிலே ஒரு புல்லும் நில்லாதபடி சுரண்டியாற் செதுக்கி வெறுநிலமாக்குதலே நல்ல பராமரிப்பு என்று கருதப்பட்டது. அதனால் பெருமழைகளில் அடித்துச் செல்லப்பட்ட வளமான மண்ணுக்கு அளவேயில்லை. கான் வெட்டுதலும் கற்கட்டுக் கட்டுதலும் அவ்விழப்பைக் குறைப்பதற்கே. 1951ஆம் ஆண்டு மண் பாதுகாப்புக்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. கவ்வாத்து வெட்டிய கிளைகளையும் இலைகளையும் நிலத்திலேயே பரப்பிவிட்டால் மழையின் தாக்குதல் தணியும். அதன் அடியில் புழுவும் பெருகும். இவ்வேலைகளைச் செய்து வரும் தந்தை எதற்காகச் செய்கிறார் என்பது போத்தலைப் பார்த்த பிள்ளைக்கு விளங்கிவிடும். சிலவேளை தந்தைக்கே பிள்ளை விளக்கிக் கூறும்.

மண்ணின் வேலைக்கு அவசரம் ஆகாது என்பதை இந்நாடு அண்மையில் பெருவிலை கொடுத்து அறிந்துகொண்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. இயற்கை உரத்துக்கு நிலமும் ஆயத்தமாயில்லை, உழவரும் ஆயத்தமாயில்லை. நெல்லும் தேயிலையும் விளைச்சல் குன்றின. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே தடை நீக்கப்பட்டது. இதனால் இயற்கை உரம் பயனற்றது என்று கொள்ளுதல் பிழை. பல்லாண்டு இரசாயனத்துக்குப் பழகிய நிலம் ஓர் ஆணையால் ஒரு போகத்தில் மாறிவிடாது என்பதே உண்மை. சென்னையில் பேராசிரியராயிருந்த சுல்தான் இஸ்மாயில் போன்றோர் நாட்டு மண்புழுக்களைக் கொண்டே உரம் ஆக்கும் முறையைப் பல ஆண்டுகளாக உழவர்க்கும் மாணவர்க்கும் படிப்படியாகக் கற்பித்து வந்துள்ளனர். எம்பிலிப்பிட்டியவின் வாழைத் தோட்டத்திலும் லயத்தின் அருகிலுள்ள மரக்கறிப் பாத்தியிலும் நிழலான ஒரு குழியில் சருகும் சாணமும் இட்டுத் தொடங்குவோர், காலத்தையும் அதனோடு சேர்த்து இடுதல் வேண்டும்.

மூன்று வாரம் கழிந்ததும் புழுக்களை அவற்றின் இடத்திலேயே விட்டுவிடல் வேண்டும். எங்கே எடுத்தோமோ அங்கேயே விடுதல் என்பதில் ஒரு காரணமும் உண்டு. புழுவால் எவ்விடத்தும் நன்மையே விளையும் என்று கூறல் இயலாது. வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகள் பனியூழியின் பின் மண்புழு இன்றியே வளர்ந்தவை. ஐரோப்பாவிலிருந்து சென்ற புழுக்கள் அங்கே நிலத்தைப் போர்த்தியிருந்த சருகுப் படலத்தை விரைந்து தின்று, அக்காட்டின் சிறு செடிகளுக்குத் தீங்கு விளைத்துள்ளன. ஆதலின் ஓரிடத்துப் புழுவைக் காட்டிலோ வேறு மலையிலோ கொண்டுபோய் விடுதல் நன்றன்று.

மாலை வேளையில், நிலம் ஈரமாயிருக்கும்போது, சிறுவர்கள் போத்தலை வாழையடிக்கு எடுத்துச் சென்று மண்ணை மெல்லச் சரிக்கட்டும். புழுக்கள் ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தி நிலத்துள் நுழையும்; சில கணங்களில் அவை இருந்த சுவடும் இராது. ஆனால் அச்சிறுவர்கள் மறுநாள் அவ்வழியே நடக்கும்போது, காலடியில் இருப்பது வெறும் நிலம் அன்று. யாரோ வேலை செய்துகொண்டிருக்கும் இடம் என்று அறிந்தே நடப்பர். அவர்களுள் ஒருவன் மற்றொருவனைப் ‘புழு’ என்று ஏசுவானாயின், அது வசையா, புகழா என்று அவனிடமே கேட்டுவிடலாம்.